ஏழைக்கு எந்தப் பழம்?

சகோதர வியாபாரிகளே!

நாம் ஆலிமும் அல்லோம், எழுத்தாளரும் அல்லோம். மதரஸாவில் ஓதியதும், தொடக்கப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்ததும் போக, எஞ்சிய கல்வி முழுவதும் தராசுக்கு முன்னால் நின்று கற்றதே. ஜாசினில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்கு முன்னே ஒரு பழத்தட்டு. அந்தத் தட்டினால் நம் மனத்தில் எழுந்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கவே இதனை எழுதத் துணிந்தோம். கையில் ஐந்து வெள்ளியோடு வருகிறவருக்கு, ஐம்பது வெள்ளியோடு வருகிறவருக்குள்ள உரிமை யாவும் உண்டா? "உண்டு" என்று வாயால் சொல்லிவிடுவது எளிது. நம் கடையில் அது இல்லாதிருந்தது என்பதை நாமே கண்டுகொள்ள ஒரு தாய் வரவேண்டியிருந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை முதல் தேதியிலிருந்து விற்பனை வரி விரிவாகிறது, இறக்குமதியாகும் பழங்களுக்கு 5 விழுக்காடு வரி என்று செய்தி வந்தது. இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நம்மவர் சிலர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் சொன்னார்: "வெளிநாட்டுப் பழம் பணக்காரன் தின்கிற பழம். வரி போட்டால் நமக்கென்ன? ஏழைக்கு வாழைப்பழம் இருக்கிறது, பப்பாளி இருக்கிறது." நாமும் தலையசைத்தோம். அங்கே உட்கார்ந்திருந்த வயதான ஒரு ஹஜ்ரத் மெல்லக் கேட்டார்: "ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிற ஏழை எந்தப் பழம் வாங்கிப் போகிறான், தம்பி?"

யாரும் பதில் சொல்லவில்லை. ஏனெனில் பதில் எல்லாருக்கும் தெரியும். ஆப்பிளும் ஆரஞ்சும்தான். தோட்டத்துப் பாட்டி ஒருத்தி தன் உறவுக்காரரைப் பார்க்க மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது வாழைத்தார் சுமந்து போகமாட்டாள். நான்கு ஆப்பிள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் பேருந்து ஏறுவாள். ஊரில் ஆப்பிள் என்பது காஷ்மீரத்திலிருந்தும் இமயமலைச் சாரலிலிருந்தும் வந்த அருமைப் பழம். அதனால் அது நோயாளியின் பழமாயிற்று. அந்த வழக்கம் நம் பாட்டன்மாரோடு கப்பலேறி இங்கும் வந்துவிட்டது. அவ்வாறே சீனப் புத்தாண்டுக்கு மாண்டரின் ஆரஞ்சு. அவ்வாறே நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம். இவற்றை ஆடம்பரம் என்று எவரால் சொல்ல முடியும்?

அரசாங்கத்துக்கும் இது எட்டிற்று. ஜூன் மாதக் கடைசியிலேயே ஆப்பிள், ஆரஞ்சு, மாண்டரின் ஆரஞ்சு, பேரீச்சம்பழம் ஆகிய நான்குக்கும் வரிவிலக்கு அறிவிக்கப்பட்டது. ஸ்ட்ராபெரி, புளூபெரி, திராட்சை முதலியன வரிப் பட்டியலிலேயே நின்றன. நாட்டில் விளைந்த பழத்துக்கு முதலிலிருந்தே வரி இல்லை.

வரியைக் குறை கூறுவது நம் எண்ணமன்று. அரசாங்கம் என்றால் எங்காவது ஒரு கோடு போடத்தான் வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்து நமக்கு உதித்த எண்ணம் வேறு. எது தேவை, எது ஆடம்பரம் என்பதை எதைக் கொண்டு அளப்பது? உடம்புக்குச் சத்து என்று அளந்தால் கணக்குத் தலைகீழாகிவிடும். நூறு கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி சுமார் 5 மில்லிகிராம்தான். ஆரஞ்சில் 50ஐ ஒட்டியும், ஸ்ட்ராபெரியிலும் பப்பாளியிலும் 60ஐ ஒட்டியும் இருக்கும். நம் வேலியோரக் கொய்யாவிலோ 200க்கும் மேல்! இந்தக் கணக்கின்படி ஆப்பிள் ஆடம்பரம், கொய்யா அத்தியாவசியம். ஆனால் காய்ச்சலில் கிடப்பவரின் தலைமாட்டில் வைக்கும் பழத்தை மில்லிகிராமில் யாரும் எடை போடுவதில்லை. "உன்னை நினைத்தேன், உனக்காகச் செலவு செய்தேன்" என்பதை அந்தப் பழம் சொல்கிறது. ஏழைக்கும் அப்படிச் சொல்ல ஆசை உண்டு. சொல்லும் உரிமையும் உண்டு.

ஸ்ட்ராபெரிக்கு வருவோம். நாம் சிறுவராயிருந்தபோது அதைக் கண்ணால் கண்டதில்லை; கேமரன் மலைக்குப் போய்வந்தவர் சொல்லக் கேட்டதோடு சரி. இன்றைக்கு அப்படியா? பிள்ளைகள் பல் துலக்கும் பசையில் அதன் படம், பால் பெட்டியில் அதன் படம், பிஸ்கட்டில், மிட்டாயில், பள்ளிக்கூடப் பையில் எங்கும் அதன் படம். படத்தைக் காட்டிக் காட்டி, பழத்தை மட்டும் காட்டாமல் வளர்க்கிறோம். பிறகு அந்தப் பிள்ளை நம் கடைக்கு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பாக இருக்கும் நிஜப் பழத்தைப் பார்த்து நின்றுவிடுகிறது. கால் கிலோ எடையுள்ள பெட்டி ஒன்று நம் கடையில் பன்னிரண்டு வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி 72 காசு. ஆக, அந்த ஒரு பெட்டி ஒரு மணி இருபது நிமிடத்துக்கும் மேலான உழைப்பு. செம்பனைக் குலை அறுக்கும் கைக்கு அந்த நேரம் எவ்வளவு நீளம் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர் அறிவர்.

நிற்க. அந்தத் தாயின் சமாச்சாரத்தைச் சொல்லவேண்டும்.

ஆசாஹான் பக்கத்திலிருந்து வரும் வாடிக்கைக்காரி அவர். சம்பளம் போட்ட வாரம் வருவார். அரிசி, வெங்காயம், எண்ணெய் வாங்குவார். கூட எட்டு வயதுப் பையன் ஒருவன். ஒரு சனிக்கிழமை அந்தப் பையன் ஸ்ட்ராபெரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றான், அவ்வளவே. அவர் விலை கேட்டார். சொன்னோம். "அவ்வளவா, காக்கா?" என்று பையனின் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

அன்று காலைதான் நாம் ஒரு வேலை செய்திருந்தோம். வியாபாரிகள் அனைவரும் அறிந்த வேலைதான். மூன்று பெட்டி நான்கு நாளாக விற்காமல் கிடந்தன. பழங்கள் சில கன்றிவிட்டன, சில நன்றாயிருந்தன. மூன்றையும் பிரித்து, அழுகினதை எறிந்துவிட்டு, கன்றினதை அடியில் பரப்பி, நல்லதை மேலே அடுக்கி, இரண்டு சிறு கூடைகளாக்கி, ஐந்து வெள்ளி என்று சீட்டு ஒட்டி வைத்தோம். பொய் ஒன்றும் சொல்லவில்லை. "புதிது" என்று எழுதவில்லை. கன்றியிருக்கிறது என்றும் எழுதவில்லை.

"இது ஐந்து வெள்ளிதான், தங்கச்சி. எடுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். எடுத்துக்கொண்டார். பையன் கூடையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்து நமக்கு மனநிறைவாகவும் இருந்தது. ஓர் ஏழைப் பிள்ளையின் ஆசையைத் தீர்த்தோம் என்று எண்ணிக்கொண்டோம். ஷைத்தான் எப்படியெல்லாம் வேலை செய்கிறான் பாருங்கள்!

அவர் மறுநாள் வரவில்லை. சண்டை போடவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் அரிசி வாங்கினார். பையன் மறுபடி பழத்தட்டுப் பக்கம் நின்றான். அப்போது அவர் அவனிடம் தாழ்ந்த குரலில், "வாடா, அது உள்ளே நல்லா இருக்காது" என்றார். நம் காதில் விழவேண்டும் என்று சொன்னதன்று. விழுந்துவிட்டது.

கேட்டோம். முதலில் ஒன்றுமில்லை என்றார். வற்புறுத்திக் கேட்டபின், அன்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அடியில் இருந்தவை சாம்பல் பூத்துப்போய், மேலே இருந்தவற்றிலும் பாதிக்கு அது பரவியிருந்தது என்றும், பையன் நாலு பழந்தான் தின்றான் என்றும் சொன்னார். உடனே கல்லாவைத் திறந்து ஐந்து வெள்ளியை நீட்டினோம். அவர் வாங்கவில்லை. "பரவாயில்லை, காக்கா. ஐந்து வெள்ளிக்கு அப்படித்தானே இருக்கும்" என்றார்.

திட்டியிருந்தால் நமக்கு லேசாகப் போயிருக்கும். அவர் நம்மைக் குற்றஞ்சாட்டவே இல்லை. மலிவாக வாங்கினால் ஏமாறத்தான் வேண்டும் என்பதை உலகத்தின் சட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நாமும் ஒருவர்.

அழுகல் எப்படிப் பரவிற்று என்பதற்கு விளக்கம் உண்டு. அந்தச் சாம்பல் பூஞ்சை ஒரு பழத்திலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழத்துக்குத் தாவும். குளிர்ப்பெட்டிக்குள்ளும் மெல்ல வளரும். மிருதுவான பழத்தில் வெளியே தெரிகிற இடத்தை மட்டும் அறுத்தெறிந்தால் போதாது. அதன் இழை உள்ளே ஓடியிருக்கும். ஆக, கன்றினதை அடியில் வைத்து நல்லதை அதன்மேல் அடுக்கிய நாம் குறையை மறைத்ததோடு நில்லாமல் நல்லதையும் கெடுத்தோம்.

இங்கே நம்மவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாதம் உண்டு. "விலையைக் குறைத்தாயிற்று. குறைந்த விலையே ஓர் அறிவிப்புத்தானே? வாங்குகிறவர் பார்த்து வாங்கட்டும்." நாமும் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறோம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் விலை குறைந்ததற்குக் காரணம் நூறு இருக்கலாம். வரத்து மிகுதியாயிருக்கலாம், பழம் சிறிதாயிருக்கலாம், கடைக்காரர் நல்ல மனிதராயிருக்கலாம்! விலைச்சீட்டு இவற்றில் எதையும் சொல்வதில்லை. வாங்குகிறவர் தமக்குச் சாதகமான காரணத்தையே நம்புவார். மேலே அடுக்கிய நல்ல பழம் அந்த நம்பிக்கையை வளர்ப்பதற்காகவே அடுக்கப்பட்டது. பார்த்து வாங்கட்டும் என்று சொல்லிக்கொண்டே பார்க்க முடியாதபடி அடுக்குவது என்ன நியாயம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்த வரலாறு மதரஸாவில் முதலில் ஓதிக்கொடுக்கப்படுபவற்றில் ஒன்று. மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்த தானியத்தை ஏன் விற்கிறாய் என்று அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்றுதான் கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று சொன்னதும் அதற்குப் பிறகே. நாற்பது ஆண்டு வயதான பின்பே இந்த வேறுபாடு நம் புத்திக்கு எட்டிற்று. சிறுவயதில் ஓதியபோது "ஏமாற்றாதே" என்பது மட்டும்தான் மனத்தில் பதிந்தது.

தரம் குறைந்த சரக்கை விற்பது குற்றமன்று என்பதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. கைபரிலிருந்து ஒருவர் உயர்ந்த பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். கலப்புப் பழம் இரண்டு மரக்கால் கொடுத்து உயர்ந்தது ஒரு மரக்கால் வாங்கியதாகச் சொன்னார். அப்படிப் பழத்துக்குப் பழம் மாற்றவேண்டாம், கலப்புப் பழத்தைக் காசுக்கு விற்று, அந்தக் காசைக் கொண்டு நல்லதை வாங்குக என்பதே அவருக்குக் கிடைத்த கட்டளை. கலப்புப் பழத்துக்கும் சந்தையில் ஓர் இடம் உண்டு. அதற்கும் ஒரு விலை உண்டு. அதை வாங்கி உண்பாரும் உண்டு. கலப்பு என்று சொல்லி விற்கவேண்டும், அவ்வளவே.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். ஆனால் குறையை விற்பதற்கு முன்பே வாங்குகிறவருக்கு எடுத்துக்காட்டியிருந்தால் பிறகு அந்தக் குறையைச் சொல்லி வழக்காட முடியாது. குறை தெரியாமல் வாங்கியவருக்குச் சரக்கைத் திருப்பித்தரும் உரிமை உண்டு என்பதை நம் பிக்ஹு நூல்களில் ஷாஃபியும் ஹனஃபியும் சேர்ந்தே சொல்கின்றனர். ஆனால் ஐந்து வெள்ளிப் பழத்துக்காக ஆசாஹானிலிருந்து பேருந்து ஏறி யார் வருவார்கள்? வந்துபோகிற கட்டணம் பழத்தின் விலையைத் தின்றுவிடும். ஏழையின் உரிமை ஏட்டில் முழுசாக இருக்கும்; எடுத்துப் பயன்படுத்தத்தான் அவரிடம் நேரமும் காசும் இருக்காது. ஐம்பது வெள்ளிக்காரருக்கு ஐந்து வெள்ளி நஷ்டமானால் அவர் வேறு பழம் வாங்கிக்கொள்வார். ஐந்து வெள்ளிக்காரருக்கு அந்த மாதத்துப் பழச் செலவு அத்தோடு முடிந்தது. ஒரே குற்றந்தான், ஒருவருக்குக் கீறல், மற்றவருக்கு வெட்டுக்காயம்.

அதன்பின் நம் கடையில் சில மாற்றங்கள் செய்தோம். பெருமைக்காகச் சொல்லவில்லை, உங்களில் சிலர் இதைவிட நன்றாகவே செய்து வருகிறீர்கள். கன்றின பழத்துக்குத் தனித்தட்டு வைத்தோம். ஒரு பழத்தை நடுவில் வெட்டி, வெட்டின பக்கம் தெரிய மேலே வைத்தோம். ஸ்ட்ராபெரியில் பூஞ்சை கண்டது ஒன்று இருந்தால் அதைத் தொட்டிருந்தவற்றையும் சேர்த்து எறிகிறோம். நஷ்டம் வரவில்லையா என்றால், வந்தது. முதல் இரண்டு மாதம் கணக்குப் பார்த்து வயிற்றெரிச்சலாகவே இருந்தது.

வாடிக்கைக்காரருக்கு ஐந்து வெள்ளியில் எதை வாங்கலாம் என்று சொல்லிக்கொடுக்கவும் தொடங்கினோம். இதனால் நம் வியாபாரம் குறையும் என்று மைத்துனர் கோபித்துக்கொண்டார். ஸ்ட்ராபெரி பறித்தபின் பழுக்காது. வெளுத்த தோளோடு இருப்பது வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் இனிக்காது. தர்ப்பூசணியும் அன்னாசியும் அப்படியே. ஆனால் பப்பாளி, வாழை, மாம்பழம் வீட்டிலும் பழுக்கும். ஆகையால் மஞ்சள் கீற்று ஒன்றிரண்டு ஓடிய பப்பாளியை வாங்கிப்போய் இரண்டு நாள் வைத்தால், பழுத்து மினுக்கும் பப்பாளியைவிட லாபம். புள்ளி விழுந்த வாழைப்பழம் அன்றைக்கே தின்ன மிக இனிப்பு; மிஞ்சினால் மாவில் பிசைந்து பொரித்துவிடலாம். ரம்புத்தானும் மங்குஸ்தீனும் டுக்குவும் காய்த்துக் கொட்டும் காலத்தில் இறக்குமதிப் பழத்தைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அதுவும் மாலையில் வரவேண்டும். வண்டியில் கொண்டுவந்து விற்கும் கம்பத்து மனிதர் வீடு திரும்பும் நேரத்தில் விலையை இறக்கிவிடுவார். கொய்யா எக்காலமும் உண்டு. கொய்யாவை ஏழையின் பழம் என்று ஒதுக்குகிறவர் மேலே சொன்ன கணக்கை மறுபடி படிக்கவும்.

இதெல்லாம் வீண்பேச்சன்று. நாட்டின் உடல்நல ஆய்வு 2019இல் எடுத்த கணக்கில், வயது வந்தவரில் 20 பேருக்கு 19 பேர் வேண்டிய அளவு காய்கனி உண்பதில்லை என்று தெரிந்தது. ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கனி வேண்டும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல்! நம் கடைக்கணக்கில் எந்த ஏழை வீட்டுக்கும் அது போகவில்லை.

வாங்குகிறவருக்கும் சில சொல்லவேண்டும். பத்திரிகை வியாபாரிகளுடையது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மாம்பழத்தையும் அவகாடோவையும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து வைத்துவிட்டுப் போகிறவர், தமக்குப் பின்னால் வருகிறவருடைய பழத்தைக் கன்றச் செய்கிறார். நல்லதைப் பொறுக்கிக் கொண்டு போனபின் மீதியை மலிவாக வாங்குகிறவர் யார்? அந்தத் தாய்தான். சுவை பார்க்கிறேன் என்று டுக்குவை ஒவ்வொன்றாக உரித்துத் தின்று, கால் கிலோவும் வாங்காமல் போகிற பெரிய மனிதர்களையும் நாம் அறிவோம். பெயர் சொல்லவில்லை.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. பழத்தோட்டக்காரரிடம் நாம் எப்படி வாங்குகிறோம்? டுரியான் மரம் பூத்திருக்கும்போதே, காயே கட்டாத நிலையில், முழுப் பருவத்துக்கும் விலை பேசி முடிக்கும் வழக்கம் உண்டு. ஊரில் மாந்தோப்புக் குத்தகையும் இதே. பழம் நிறங்கொண்டு பக்குவம் தெரியும் முன் விற்பதை நபிகளார் தடுத்தார்கள். இறைவன் பழத்தைத் தராமல் நிறுத்திவிட்டால் எந்த உரிமையில் சகோதரனின் பணத்தை எடுத்துக்கொள்வாய் என்ற கருத்தில் காரணமும் சொன்னார்கள். மழை பெய்து பூ உதிர்ந்துவிட்டால் குத்தகை எடுத்தவருக்கு நஷ்டம்; காய்த்துத் தள்ளினால் தோட்டக்காரருக்கு மனத்தாங்கல். அந்த நஷ்டத்தைக் குத்தகைக்காரர் தம் கையிலா வைத்துக்கொள்கிறார்? அடுத்த கடைக்குத் தள்ளுகிறார். அது படிப்படியாக இறங்கி ஐந்து வெள்ளிக்காரரின் கூடையில் வந்து சேர்கிறது. இது தனியாக எழுதவேண்டிய பெரிய விஷயம். இங்கே விட்டுவிடுகிறோம்.

குறையைச் சொல்லி விற்றாயிற்று, மலிவானது எது என்று வழியும் காட்டியாயிற்று. அத்தோடு நம் கடமை தீர்ந்ததா? இங்கேதான் நமக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. ஏழைப் பிள்ளைக்கு எப்போதும் கன்றின பழந்தானா? அதைச் சொல்லியே விற்கிறோம், சரி. ஆனால் அந்தப் பையன் வளர்ந்து பெரியவனாகும்வரை முழுசான ஒரு ஸ்ட்ராபெரிப் பெட்டியைத் திறக்காமலே வளர்வது யாருடைய பொறுப்பு?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தொழில் முறைகளைப் பற்றிச் சொல்லும் பகுதியில், நீதியோடு நில்லாமல் அதற்கு மேலான நன்மையையும் வியாபாரியிடம் எதிர்பார்க்கிறார்கள். முன்னோரில் சிலர் கடையில் இரண்டு கணக்கேடு வைத்திருந்தார்களாம். ஒன்று வாடிக்கைக் கணக்கு. மற்றது இல்லாதவர்களுக்கானது. ஏழை ஒருவர் கடையில் உணவையோ பழத்தையோ பார்த்து ஆசைப்பட்டு, இத்தனை ராத்தல் வேண்டும், கையில் காசில்லை என்பார். எடுத்துக்கொண்டு போங்கள், வசதி வரும்போது கொடுங்கள் என்று கடைக்காரர் அந்த ஏட்டில் எழுதிக்கொள்வார். இதையும் உயர்ந்தோர் செயலாக அவர்கள் எண்ணவில்லையாம். பெயரையே எழுதாமல் கொடுத்துவிடுகிறவரே உயர்ந்தவர் என்று கருதப்பட்டார் என்று இமாமவர்கள் எழுதுகிறார்கள். கவனியுங்கள்: அரிசி பருப்பு மட்டுமன்று, பழத்தையும் அங்கே சொல்லியிருக்கிறார்கள். 1111ஆம் ஆண்டு மறைந்த ஒரு பேரறிஞர், ஏழைக்குப் பசி மட்டுமல்லாமல் ஆசையும் உண்டு என்பதைக் கடைக்கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

நம் கடையிலும் ஏடு உண்டு. எல்லாரும் அறிந்த 555 நோட்டுத்தான். நம் வாப்பா காலத்தில் ரப்பர்த் தோட்டம் இருந்தது. மழை மாதத்தில் மரம் வெட்ட முடியாமல் கூலி குறையும்போது அந்த நோட்டுத் தடிக்கும். வாப்பா ஆண்டுக்கு ஒரு முறை, ரமலான் இருபத்தேழாம் இரவுக்கு முன், உட்கார்ந்து சில பக்கங்களைக் கிழித்துவிடுவார்கள். யாருடையவை என்று உம்மாவுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தப் பக்கங்களில் இருந்தவை அரிசி, மாவு, சீனி. பழம் இருந்திருக்காது. பழத்தைக் கடன் சொல்லி வாங்க ஏழைக்கு நா எழாது. "சோற்றுக்கு இல்லை, கொடுங்கள்" என்று கேட்கலாம். "பிள்ளை ஆசைப்படுகிறான், கொடுங்கள்" என்று கேட்க எத்தனை பேரால் முடியும்? கேட்டால் நாமேகூட, கடனில் பழமா என்று மனத்துக்குள் முணுமுணுப்போம்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நீர் கடை வைத்திருக்கிறீரா, பைத்துல்மால் நடத்துகிறீரா? வாடகை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பெரிய அங்காடிக்காரன் நம்மைவிட இரண்டு வெள்ளி குறைத்து விற்கிறான். ஸகாத்தை ஸகாத்தாகக் கொடும், வியாபாரத்தை வியாபாரமாகச் செய்யும்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. கடை மூடிப்போனால் யாருக்கும் பழமில்லை. மேலும் இலவசமாகக் கொடுப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. வாங்க வந்தவரைக் கை ஏந்துபவராக்கிவிடுகிறோம். அந்தத் தாய் நம் ஐந்து வெள்ளியை மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. பழம் வாங்கினால் அண்டை வீட்டாருக்கும் கொடு. கொடுக்க முடியாவிட்டால் மறைவாக உள்ளே கொண்டுபோ. உன் பிள்ளை அதைக் கையில் பிடித்து வெளியே வந்து அவருடைய பிள்ளையை ஏங்கவைக்க வேண்டாம் என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு இஹ்யாவில் எடுத்தெழுதப் பெற்றிருக்கிறது. அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லார் கூறுவர். இருக்கட்டும். தொடர் பலவீனமாயிருந்தாலும் கேள்வி பலமானது. அண்டை வீட்டுப் பிள்ளை ஏங்கக்கூடாது என்றால் கடைக்காரர் என்ன செய்வது? ஏங்கவைப்பதே நம் தொழிலாயிற்றே! ஸ்ட்ராபெரிப் பெட்டியை நாம் எங்கே வைத்திருந்தோம் தெரியுமா? கீழ்த்தட்டில், முன் வரிசையில். சரக்குக் கொண்டுவரும் ஆள்தான் அந்த யோசனையைச் சொன்னார். எட்டு வயதுப் பையனின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

இப்போது அதை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டோம். பெரியவர் கண்ணில் படும். வாங்க முடிந்தவர் வாங்குவார். கீழ்த்தட்டில் கொய்யாவும் வாழைப்பழமும். மைத்துனர் இதற்கும் கோபித்துக்கொண்டார்.

அந்த ஐந்து வெள்ளி விஷயமாகப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாரே, நம்மேல் இன்னும் பொறுப்பு உண்டா என்றோம். "மனமுவந்து விட்டுக்கொடுத்தாரா, வேறு வழியில்லை என்று விட்டுவிட்டாரா? முன்னது என்றால் தீர்ந்தது. பின்னது என்றால் நீரே யோசித்துப் பாரும்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து 555 நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் அந்த அம்மையாரின் பெயரை எழுதி, நாம் கொடுக்கவேண்டியது 5 வெள்ளி என்று குறித்து வைத்தோம். அந்த நோட்டில் நாம் கடன்காரராக இருக்கும் பக்கம் அது ஒன்றுதான். சம்பள வாரத்தில் அவர் வருகிறார், பையனும் வருகிறான். சாமான் கட்டும்போது இரண்டு கொய்யாவைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். அவர் எண்ணிப் பார்த்து, "இது நான் வாங்கலியே, காக்கா" என்று எடுத்துத் தட்டிலே வைத்துவிட்டுப் போனார். அடுத்த முறை கணக்கில் ஐந்து வெள்ளியைக் குறைத்துச் சொன்னோம். கூட்டல் தவறு என்று அவரே திருத்திக் கொடுத்தார்.

பக்கம் இன்னும் கிழிக்கப்படவில்லை.